கொண்டை சோதிக்கும் கை

கொண்டையை அவிழ்க்கச் சொல்லிக் காத்திருக்கமாட்டாள் மயிலம்மாள்; தானே பிரித்துவிடுவாள். மலாயாவில், கோலா சாவா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், முள்வேலி வாசலில், பால்வெட்டப் போகும் பெண்களைச் சோதிப்பது அவள் வேலை. காட்டில் ஒளிந்து சண்டைபோடும் கம்யூனிஸ்ட் ஆட்களுக்கு அரிசி போய்விடக் கூடாதாம். ஒருத்தியின் சடைக்குள் ஒட்டியிருந்த ஒற்றைப் பருக்கையைக்கூட எடுத்துக் காட்டிச் சிரித்தாள். "சோறு தின்னுட்டுத் தலையிலயா கை தொடச்ச லா?" அந்தச் சிரிப்பை லயத்து வீடுகளில் ஒருத்தியும் மன்னிக்கவில்லை. வள்ளிநாயகிக்கோ அவளைக் கண்டாலே ஆகாது. சோதனை முடியும்வரை கழுத்தை விறைத்துக்கொண்டு நிற்பாள்.

அந்த வள்ளிநாயகிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் பூனை செவலையை முந்தானையில் சுற்றிக்கொண்டு மயிலம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். செவலை சொறிந்து சொறிந்தே வாலடி முடி உதிர்ந்து புண்ணாகியிருந்தது. பிள்ளைகளுக்குச் சொறி ஒட்டிக்கொள்ளும், நாளைக்குள் ஆற்றில் போட்டுவிடு என்று லயத்தை மேற்பார்க்கும் மண்டோர் அர்ச்சுனன் சொல்லிவிட்டார். புருஷன் போனபிறகு அவள் வீட்டில் இருந்த இன்னொரு உயிர் அதுதான். பருக்கையைக் கண்டுபிடிக்கிறவள் இதைக் கண்டுபிடிக்கமாட்டாளா என்று ஒரு நப்பாசை.

மயிலம்மாள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். பூனையை மடியில் போட்டு, வாலிலிருந்து கழுத்துவரை முடியை எதிர்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள். கண் எங்கோ வேலியைப் பார்த்தது, விரல்கள்தான் தேடின. யாரையும் கீறும் செவலை அசையாமல் கிடந்தது. மிளகுத்தூள் போலக் கறுப்பாக எதையோ எடுத்து ஈரத்துணியில் வைத்தாள். மெல்லச் சிவப்புப் பரவியது.

"அழுக்குனு நெனச்சியா? உன் பூனை ரத்தம்டி. தெள்ளுப்பூச்சி குடிச்சிட்டுப் பேண்டது."

வள்ளிநாயகி அந்த விரல்களையே பார்த்தாள். அம்மாடி, இதென்ன கை!

"மண்ணெண்ணெய் தடவட்டுமா அக்கா?" அக்கா என்று வாயில் வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

"பைத்தியம்! நக்கினா செத்துரும் லா. புண்ணுல படாம பேன்சீப்பால வாரி, சோப்புத் தண்ணியில தட்டு. அது படுக்கிற சாக்கக் கொதிதண்ணியில போட்டு வெயில்ல காயவை. பாதிப் பூச்சி அங்கதான் குடியிருக்கு."

ஈரத்துணியோடு மயிலம்மாளே மண்டோர் வீட்டுக்குப் போனாள். சொறி இல்லை, பூச்சிதான் என்று துணியை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். சரி, புண் ஆறுகிறதா பார்ப்போம் என்று அவர் இறங்கிவந்தார். வள்ளிநாயகி நாள் தவறாமல் வாரினாள், கூட்டினாள், சாக்கை அவித்தாள்.

செவலையின் வாலடியில் பூனைமயிர் துளிர்த்ததைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒருநாள் விடிகாலை அவள் முள்வேலி வாசலுக்கு வந்தாள். வரிசை நகர்ந்து அவள் முறை வந்தது. மயிலம்மாள் கையை நீட்டுமுன், வள்ளிநாயகி தானே கொண்டையை அவிழ்த்து, அந்த விரல்களுக்குத் தலையைக் குனிந்து கொடுத்தாள்.