திருத்துகிறவளைத் திருத்தியவர்கள்

பல்வைத்தியர் "ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு?" என்று கேட்டால், கன்னத்தைப் பொத்திக்கொண்டே "பத்து என்றால் எவ்வளவு வலி?" என்று திருப்பிக் கேட்கிற ஆட்கள்தான் கல்வி மதிப்பீடு படிக்கிறவர்கள். ஒரு சோதனை உண்மையிலேயே அளக்கவேண்டியதைத்தான் அளக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் படிப்பு. படிக்கப் படிக்க அது வியாதியாகி, எதைப் பார்த்தாலும் கேள்வி சரியா பிழையா என்றே மனம் ஓடும்.

நான் மன்னாரில் கணிதம் படிப்பித்தவள். கனடாவில் மொன்றியலுக்கு வந்து புவாண்ட்-கிளேரில் ஒரு கந்தோரில் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நாற்பத்திரண்டு வயதில் என்ன பிடித்ததோ, முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டேன். கிடைத்தும் விட்டது. பாதி நாள் வேலை, பாதி நாள் படிப்பு என்று மூன்று வருடம். பதின்மூன்று வயது மகளிடம் "வீட்டுப்பாடம் செய்தாச்சோ?" என்று கேட்டுவிட்டு, அதே கேள்வியை அவளிடமிருந்து திரும்ப வாங்கிய அம்மாக்கள், அப்பாக்கள் எத்தனை பேர் இதை வாசிக்கிறீர்களோ தெரியாது. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பூசைக்குப் பிறகு

முதல் தவணை தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, மாதா கோவில் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றோம். பிலோமினா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டா. "என்ன ரெஜினா, யூனிவேர்சிற்றிக்குப் போறீராம். என்ன படிக்கிறீர்?"

"கல்வி மதிப்பீடு, அக்கா."

"அப்பிடியெண்டா?"

ஒருவர் பெயிலானால் அவருக்கு விஷயம் தெரியாததும் காரணமாக இருக்கலாம், கேள்வி ஒழுங்காக இல்லாததும் காரணமாக இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்கிற படிப்பு என்று எனக்குத் தெரிந்த அளவில் விளங்கப்படுத்தினேன். அக்காவின் கணவர் லைசென்ஸ் எடுக்கிற எழுத்துச் சோதனையில் மூன்று தரம் பெயிலானவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. அக்கா கோப்பையைக் கீழே வைத்தா.

"அப்ப பிழை சோதனையிலையும் இருக்கலாமோ? ஐயோ, நான் மூண்டு தரமும் அந்த மனுசனையெல்லோ ஏசினனான்!"

பதினேழாம் கேள்வி

ஒரு கேள்வி நல்லதா என்று பார்க்க எங்களுக்கு முதலில் சொல்லித்தந்த வழி இலேசானது. மொத்தத்தில் கூடப் புள்ளி எடுத்தவர்களில் அநேகம்பேர் அந்தக் கேள்வியைச் சரியாகச் செய்திருக்க வேண்டும், குறைய எடுத்தவர்களில் அநேகம்பேர் பிழைவிட்டிருக்க வேண்டும். தலைகீழாக நடந்திருந்தால் கோளாறு கேள்வியில் இருக்கிறது. இதைப் பழகுவதற்கு எங்கள் பேராசிரியர் ஜொசியான், நாங்களே எழுதிய தவணைச் சோதனையின் விடைகளைப் பெயர்களை எடுத்துவிட்டுத் தந்தார். கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தால் பதினேழாம் கேள்வி தலைகீழாக நிற்கிறது. கெட்டிக்காரர் எல்லோரும் பிழை. கடைசி வரிசைக்காரர் எல்லோரும் சரி.

கேள்வியை எழுதியவர் பேராசிரியர். மன்னாரில் நாங்கள் ஆசிரியர்களிடம் "உங்கள் கேள்வி பிழை" என்று சொல்லி வளர்ந்தவர்கள் இல்லை. இருந்தாலும் கையை உயர்த்திச் சொன்னேன். ஜொசியான் கேள்வியைச் சத்தமாக வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "சரிதான். இது என் பிழை. இந்தக் கேள்வியை நீக்கிவிடுவோம்" என்றார். வகுப்பு கைதட்டியது. நான் தேர்தலில் வென்ற ஆள் மாதிரிக் கதிரையில் இருந்தேன். பக்கத்தில் இருந்த கார்த்திக், சென்னைப் பொடியன், கணக்கில் புலி, என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னான்.

"அக்கா, சூப்பர். ஆனா அந்தக் கேள்விய சரியா போட்ட கடைசி வரிசை ஆளுங்கள்ல நீங்களும் ஒருத்தர்னு நினைக்கிறேன். உங்க மார்க்தான் இப்போ குறையப் போகுது."

கையெழுத்து

என் ஆய்வுக்கு எடுத்த விஷயம் இது: பிரெஞ்சு தெரியாமல் புதிதாக வந்து வரவேற்பு வகுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கணக்கை வசனமாக எழுதிக் கேட்டால், நாங்கள் அளப்பது அவர்களின் கணக்கையா, பிரெஞ்சையா? பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு பள்ளிக்கூடம் இடம் தந்தது. தமிழ்ப் பெற்றோருக்குச் சம்மதப் படிவத்தை நானே தமிழில் எழுதி அனுப்பினேன். எல்லாம் திரும்பி வந்தன, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றின் சொந்தக்காரர் ஒரு நாள் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் பனிக்குள் நின்றார். பெயர் செல்வராசா. டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை. அகதிக் கோரிக்கை இன்னும் முடியவில்லை. "தங்கச்சி, உதிலை கையெழுத்து வைச்சா எங்கட கேசுக்கு ஏதும் வருமோ?" என்று கேட்டார். ஒன்றும் வராது, பிள்ளையின் பெயரே எங்கும் இருக்காது, வேண்டாமென்றால் எந்த நேரமும் விலகலாம் என்றேன். என் சொல்லை மட்டும் நம்பவேண்டாம், உங்களுக்கு நம்பிக்கையான ஆளிடம் காட்டுங்கள் என்றும் சொன்னேன்.

அடுத்த கிழமை அதே வாசல். படிவம் இப்போது பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. கையெழுத்தும் இருந்தது. அதற்குப் பின்னால் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த இன்னொரு கடிதம். அவருடைய பத்து வயது மகள் அபிஷாவை, கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளின் வகுப்புக்கு மாற்ற யோசிக்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது.

"லோயரும் பாதரும் வைக்கச் சொல்லிட்டினம், வைச்சிட்டன். ஆனா தங்கச்சி, இவள் வவுனியாவிலை கணக்கிலை முதலாம் பிள்ளை; பிளேனிலை வரேக்கை கணக்கை எங்கை துலைச்சவள் எண்டு ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ."

கார் திருத்துகிறவரும் பாலும்

பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கணக்கைச் செய்கிறபோது மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்வதுதான் என் முறை. ஒப்பிட்டுப் பார்க்க, பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த சில பிள்ளைகளையும் மற்ற வகுப்பிலிருந்து சேர்த்திருந்தேன். முதலில் வந்தவள் லீனா, போன கோடையில் அல்ஜீரியாவிலிருந்து வந்தவள். என்னுடைய பிரெஞ்சைக் கேட்டு, சிரிப்பை மரியாதையாக அடக்கினாள்.

நான்காம் கேள்வியில் நின்றுவிட்டாள். ஒரு டெப்பனர் இத்தனை பெட்டி பால் வாங்கி இத்தனையை விற்றால் மிச்சம் எத்தனை என்பது கேள்வி. மொன்றியலில் டெப்பனர் என்றால் மூலைக்கடை. இங்கேயே பிரெஞ்சு பழகிய எனக்கு வேறு கருத்துத் தெரியாது. லீனா படித்த பிரெஞ்சில் அது வழியில் பழுதாகி நின்ற காரைத் திருத்த வருகிற ஆள். பிள்ளை கணக்கை விட்டுவிட்டு அந்த மனிதரை நினைத்துக் கவலைப்படத் தொடங்கிவிட்டாள். அந்தக் கேள்வியை எழுதினது வேறு யாரும் இல்லை, நான்தான்.

"மதாம், கார் திருத்த வந்த ஆளுக்கு இவ்வளவு பால் எதுக்கு?"

அபிஷா

அபிஷா கதிரையின் நுனியில் இருந்தாள். கையைத் தொடைக்குக் கீழே வைத்திருந்தாள். பிரெஞ்சுக் கேள்வியைக் கொடுத்தேன்: சாராவிடம் முப்பத்தாறு மாபிள் குண்டு இருக்கிறது, அது மார்க்கிடம் இருப்பதைவிடப் பன்னிரண்டு கூட, மார்க்கிடம் எத்தனை? அவளுக்கு அந்த வசனத்தில் தெரிந்த ஒரே சொல் 'ப்ளூஸ்', அதாவது 'கூட'. வகுப்பில் அந்தச் சொல் வந்தால் கூட்டவேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள். கூட்டினாள். நாற்பத்தெட்டு. அடுத்ததிலும் அதே சொல், அதே கூட்டல். அதற்கடுத்ததிலும்தான். பன்னிரண்டு கேள்வியில் இரண்டுதான் சரி.

பிறகு அதே மாதிரிக் கணக்குகளை, இலக்கங்களை மாற்றித் தமிழில் கேட்டேன். நான் வசனத்தை முடிக்க முதல் விடை வந்தது. தாள் வேண்டாம், பென்சில் வேண்டாம். மூன்றாம் கேள்வியில் கை தொடைக்குக் கீழிருந்து வெளியே வந்தது. ஏழாம் கேள்வியில் காலை ஆட்டத் தொடங்கினாள். பன்னிரண்டும் சரி. ஆய்வு செய்கிறவள் முகத்தில் ஒன்றையும் காட்டக்கூடாது என்று படித்திருந்ததால், குனிந்து கொப்பியில் என்னவோ எழுதுகிற மாதிரி இருந்தேன்.

"மிஸ், உப்பிடி முந்தியே கேட்டிருக்கலாமே?"

நடுக் குசினியில்

ஆய்வில் கண்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். பேராசிரியரிடம் ஓடினேன். "பிள்ளையின் முடிவு பிள்ளையின் தகப்பனுக்குச் சொந்தம். அவர் எழுத்தில் கேட்டால் கொடு. அவர் அதை எங்கே கொண்டுபோகிறார் என்பது அவர் விருப்பம்" என்றார். செல்வராசா அண்ணை அன்றே எழுதிக் கேட்டார். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் வகுப்பில் எழுதிய தாள்களைத் திருத்தினேன். நாலு விடையில் ஒன்றைத் தெரிவுசெய்கிற தாள்கள். பிரெஞ்சில் ஒன்று, தமிழில் ஒன்று. சனிக்கிழமை மத்தியானம் முடிவைக் கூட்டிப் பார்த்தேன். தமிழில் எழுதியபோது எல்லோரும் இன்னும் மோசம். என் ஆய்வு போய்விட்டது, அது போகட்டும். நான் கொடுத்த அந்த ஒரு பக்கம்? அபிஷாவின் தகப்பனுக்கு வீண் நம்பிக்கை கொடுத்துவிட்டேனா? தலையில் கையை வைத்துக்கொண்டு குசினி மேசையில் இருந்தேன். என் கணவர் அன்ரன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் அழுவது வெங்காயத்தால் என்று அவர் நினைத்தார்.

மகள் மெலனி போன் சார்ஜரைத் தேடி வந்தாள். என் தோளுக்கு மேலால் தாள்களை எட்டிப் பார்த்தாள். ஒரு தாளைத் தூக்கினாள், மற்றதைத் தூக்கினாள்.

"அம்மா, சீரியஸ்லி? தமிழ்ப் பேப்பரை பிரெஞ்சுப் பேப்பரின்ர ஆன்சரை வைச்சுத் திருத்தியிருக்கிறீங்கள்."

அக்காடி மெட்ரோவில்

சரியான விடைகளை வைத்துத் திருத்தியபோது ஆய்வு உயிர்த்தெழுந்தது. ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று கிழமையாக ஒரு பதிலும் இல்லை. நானாகக் கேட்கவும் முடியாது. தெருவில் செல்வராசா அண்ணையைக் கண்டால், இருவரும் குளிரைப் பற்றி மட்டும் கதைத்தோம்.

ஒரு புதன்கிழமை அக்காடி மெட்ரோவில் இறங்குகிறபோது போன் அடித்தது. அவர்தான். பின்னால் விமான நிலைய அறிவிப்புகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் போய்க்கொண்டிருந்தன. பள்ளிக்கூடம் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு, தாங்களே அபிஷாவைத் திரும்பச் சோதித்திருக்கிறார்கள். வகுப்பு மாற்றம் இல்லை. பிரெஞ்சுக்கு மட்டும் கிழமையில் இரண்டு நாள் மேலதிக உதவி. நான் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள்.

"தங்கச்சி, போனை வைக்கிறன். இப்ப அழுதனெண்டா சுப்பவைசர் பாத்திடுவான், பேந்து வீட்டை போய் அழுறன்."

முடிவு

ஆய்வேட்டை அனுப்பிவிட்டுப் பரிசோதகர்களின் முடிவுக்குக் காத்திருந்த இரண்டு மாதத்தில், மின்னஞ்சல் வருகிற சத்தம் கேட்டாலே செய்த வேலையை விட்டுவிட்டு ஓடினேன். எத்தனை பிள்ளைகளைப் பெறுபேற்றுக்காக இப்படிக் காக்க வைத்திருப்பேன் என்று அப்போதுதான் உறைத்தது. கடைசியில் அது கந்தோரில், பகல் பதினொரு மணிக்கு வந்தது. சின்னத் திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். மூன்று தரம் வாசித்தேன். பிறகு கதிரையில் சாய்ந்து, மூன்று வருடமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டேன்.

அன்ரனுக்குப் போன் எடுத்தேன். அவர் டோர்வலில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிறவர். காதில் சத்தம் மறைக்கிற கவசம் போட்டிருப்பார். "என்ன, பெயிலோ?" என்று கத்தினார். "இல்லையப்பா, பாஸ்!" என்று நானும் கத்தினேன். முழுக் கந்தோரும் திரும்பிப் பார்த்தது.

"பாஸோ! அப்பாடா, இனியாவது நான் சாப்பாடு என்னெண்டு கேட்டா சாப்பாட்டைச் சொல்லுவீர், கேள்விக்குப் புள்ளி போடமாட்டீர்."

ஆக, எனக்குச் சோதனை வைக்கத் தெரியாது என்பதை மூன்று வருடம் கஷ்டப்பட்டுப் படித்து நிரூபித்தேன். அதை மெச்சித்தான் பல்கலைக்கழகம் எனக்குப் பட்டம் தந்திருக்கிறது.