ஆவாரம்பட்டை மேல் ஏறிய மோட்டார்

ஆம்பூரில் தோல் பதனிடும் இடங்களுக்கு வண்டி வண்டியாக ஆவாரம்பட்டை வரும். அதை நசுக்கித் தொட்டியில் ஊறப்போட்டால்தான் தோல் பதப்படும். நசுக்கித் தருவது என் அம்மாவின் வேலை. உலக்கையால் இடிப்பதற்கு முன் பட்டையைப் பெங்களூர் ரோட்டில் பரப்பி வைப்பாள். போகிற வருகிற கட்டை வண்டிகள் ஏறிப் பாதி வேலையை முடித்துவிடும். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. மெட்ராஸிலிருந்து பெங்களூருக்கு மோட்டார்ப் பந்தயம் போகிறது, காலையில் ரோட்டில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று முதல் நாளே தண்டோரா போட்டார்கள். அம்மாவும் கேட்டாள். கேட்டுவிட்டுத்தான், விடிந்ததும் இரண்டு வண்டிப் பட்டையை வளைவில் பரப்பினாள்.

பட்டை கொண்டுவந்த வண்டிக்கார பாய்க்கு அது பிடிக்கவில்லை. “பேஜாராப் பூடும்மா. ரேஸ் வண்டிங்க வர்ற நாளு.”

“வரட்டுமே பாய். உங்க மாடு நாளெல்லாம் மிதிக்கிறத மோட்டாரு ஒரு நிமிஷத்துல மிதிச்சிட்டுப் போவுது.”

“எம் மாட்ட இன்னாத்துக்கும்மா இழுக்கிற?” என்று முனகிக்கொண்டே பாய் வண்டியைப் புளியமரத்தடிக்கு ஓட்டிப்போனார்.

முதலில் சத்தம் வந்தது, பிறகு மோட்டார். வளைவில் திரும்பிப் பட்டை மேல் ஏறியதும், காய்ந்த சுருள்கள் சக்கரத்தடியில் உருண்டன. மோட்டாரின் பின்பக்கம் புளியமரத்தை நோக்கி வழுக்கியது. மரத்தடியில் மாடுகளோடு பாய் நின்றிருந்தார். நான் கத்தினேனா என்று நினைவில்லை. ஓட்டியவர் செய்தது மட்டும் நினைவிருக்கிறது. வண்டி எந்தப் பக்கம் வழுக்கியதோ, முன் சக்கரங்களை அந்தப் பக்கமே திருப்பினார். எதிர்ப்பக்கம் அல்லவா திருப்ப வேண்டும்? ஆனால் மோட்டார் ஒரு குலுக்குக் குலுங்கி, நேராகிப் போய்விட்டது.

மோட்டார் வந்த மாதனூர்ப் பக்கம் அடுத்த புழுதி எழுந்தது.

அம்மா பட்டையை நோக்கி ஓடினாள். “அய்யோ, வர்றவன் செத்தான்னா என்னெ ஜெயில்ல வெச்சிடுவாங்கடி. தொடப்பத்த எடு!”

அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அம்மாவும் போனால் எனக்கு யாரும் இல்லை. அவ்வளவு பட்டையையும் ஒதுக்க நேரமும் இல்லை. பாய் தன் சிவப்புத் துண்டை உருவி வீசிக்கொண்டு மோட்டார் வரும் திசையில் ஓடினார்.

பெரியவர்களுக்கு நடுவில் வாய் திறக்காதவள் நான். அன்று திறந்தேன். “ரெண்டு கோடு பெருக்குனா போதும்மா. சக்கரம் போற அளவுக்கு.”

முதல் மோட்டார் ஏறிய இடத்தில் தடம் பதிந்திருந்தது. அந்த அகலத்துக்கு அம்மா ஒரு கோடு, நான் ஒரு கோடு. குனிந்த தலையை நிமிர்த்தாமல் பெருக்கினோம். காலடியில் ரோடு அதிரத் தொடங்கியது. “வாடி, வாடி!” என்று அம்மா என் கையைப் பிடித்துப் பள்ளத்துக்கு இழுத்தாள்.

துண்டைப் பார்த்தோ கோடுகளைப் பார்த்தோ, மோட்டாரின் வேகம் கொஞ்சம் குறைந்தது. அம்மாவின் கோடு நேராக இருந்தது. என்னுடையது பாதியில் கோணல். அந்தக் கோணல் வந்ததும் முன் சக்கரம் இம்மியளவு திரும்பியது, மறுபடி திரும்பியது. பட்டையில் படாமல் தாண்டிவிட்டது. ஓட்டியவர் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மூச்சு வாங்க வந்த பாயிடம் அம்மா ஒரு பட்டையை எடுத்துக் காட்டினாள். “ஆனா நல்லாத்தான் நசுங்கியிருக்கு பாய்.”

“இன்னொரு தபா பரப்பிப் பாரு, நானே போலீஸக் கூட்டியாறேன்!”

அந்த மோட்டார்ப் பந்தயத்துக்கு ராலி என்று பெயர் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நான் ஒரு நாளும் கார் ஓட்டியதில்லை. ஆனால் ராலி கார்கள் இந்த ரோட்டில் வருகின்றன என்றால் அந்த வளைவுக்குப் போய் நின்றுவிடுவேன். எது முந்துகிறது என்று மற்றவர்கள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் முன் சக்கரத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.