மாமாவின் காருக்குப் பெயர் மாற்றம்

எங்கள் வீட்டு நெட்டைக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது மடல் சிவந்துவிடும், குடும்பமே சிரிக்கும். இந்தக் கார் கதையை அவள் சொல்லி முடித்தபோது நாங்கள் எல்லோரும் அவள் காதைத்தான் பார்த்தோம். சிவக்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பதினாறு வருஷ அனுபவம். ஆறடிக்கு ஓர் அங்குலம்தான் குறைவு. அவளுடைய தாய்மாமாவும் நெடுநெடுவென்று இருப்பார். அவர் போன பிறகு, அவருடைய அறுபது வருஷத்துப் பழைய கார் இவளுக்கு என்று முடிவானது. பெயர் மாற்ற வேண்டும்; பதிவுப் புத்தகம் எப்போதோ தொலைந்திருந்தது. விண்ணப்பத்தின் கெடு அன்றோடு முடிகிறது. பத்தரைக்குள் வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டாவிட்டால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும்.

காலை 9.20. மாமாவின் மனைவி, அத்தை, ஷெட் வாசலிலேயே நின்று சாவியை நீட்டினாள்.

"நீங்களும் வாங்களேன் அத்தை."

"நான் அதுல ஏறினதே இல்லடி. எனக்கு அது ஆகாது."

நெட்டை கார்க் கதவைத் திறந்தாள். ஓட்டுநர் இருக்கை ஸ்டியரிங்கோடு ஒட்டிக் கிடந்தது. மாமா இதில் காலை எப்படித்தான் மடக்கினார்? அடியிலிருந்த லீவரைத் தூக்கி, இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளினாள். டக். பூட்டிக்கொண்டது.

9.36. சிக்னல்.

டக்.

இருக்கை ஒரு பல் முன்னால் வந்திருந்தது. பழைய வண்டி, அப்படித்தான் என்று மறுபடி தள்ளினாள்.

9.41. டக்... டக்.

ஓரம் கட்டினாள். கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். இருக்கையைப் பிடிக்கும் பற்கள் தேயவில்லை. பூட்டு கெட்டியாக இருந்தது. "கிழட்டுக் கழுதை" என்று காரைத் திட்டிவிட்டு ஏறினாள். பின்பார்வைக் கண்ணாடி... அதுவும் கீழே சாய்ந்திருந்தது. அவள் அதைத் தொடவே இல்லை.

9.50. மேம்பாலம். நிறுத்த இடமில்லை.

டக். டக். டக்.

முழங்கால் இடித்தது. கூடவே மடியில்... பாரம். சில்லென்று. யாரோ மெதுவாக உட்கார்ந்து, வசதி பார்த்து நகர்ந்துகொண்டது போல.

கீழே பார்த்தாள். ஒன்றுமில்லை.

பாலம் இறங்கியதும் ஸ்டியரிங் அவள் கைக்குள்ளேயே திரும்பியது. வந்த வழிக்கு.

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். தினமும் பேருந்தை வளைக்கும் கை. அப்படியும் மூன்றாவது இழுப்பில்தான் வண்டி நேரானது.

10.12. அலுவலக முற்றம்.

ஆய்வாளர் வாய் ஓயாத மனிதர். "அடேயப்பா, எங்கப்பா வயசு இருக்கும் போலயே இதுக்கு!" என்று சிரித்துக்கொண்டே, ஹாரன் அடித்துப் பார்க்க உள்ளே உட்கார்ந்தார்.

டக்... டக்.

சிரிப்பு நின்றது.

ஹாரன் அடிக்கவில்லை. இரண்டு கைகளையும் மடிக்கு மேலே காற்றில் தூக்கி வைத்திருந்தார். எதன் மேலும் பட்டுவிடக் கூடாது என்பது போல.

10.17. மெல்ல... மெல்ல இறங்கினார்.

"என்ன சார் ஆச்சு?"

"எடுத்துட்டுப் போங்கம்மா."

"கையெழுத்து?"

"போங்கம்மா... தயவு செஞ்சு."

நெட்டைதான் ஓட்டி வந்தாள். வேறு யார் ஓட்டுவார்? இருக்கையைப் பின்னால் தள்ளவில்லை. தைரியம் வரவில்லை. காலை மடக்கி, மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங் பூப்போலத் திரும்பியது.

10.50. அத்தை இன்னும் வாசலில் நின்றிருந்தாள்.

"வந்துடுச்சா?" என்றாள்.

'வந்துட்டியா' என்று கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்து அலுவலக எழுத்தர் நெட்டையைக் கூப்பிட்டார். கணினியில் ஏற்றாத பழைய கோப்பு ஒன்று கிடைத்திருந்தது. கார் மாமா பெயரில் இருந்ததே இல்லை. யாரோ ஓர் அம்மாள் பெயரில் இருந்தது. அந்த அம்மாள் இறந்து இரண்டு வருஷம் கழித்து, மகன் அதை மாமாவுக்கு விற்றிருக்கிறார்.

முப்பது வருஷத்தில் மாமா பெயர் மாற்றத்துக்கு ஒன்பது முறை விண்ணப்பித்திருந்தார். ஒன்பதையும் அவரே திரும்பப் பெற்றிருந்தார். 'காரணம்' என்ற இடத்தில், ஒவ்வொரு தாளிலும், அவர் கைப்பட எழுதிய அதே ஒரு வரி.

"உரிமையாளர் இறங்க மறுக்கிறார்."