இஸ்திரி போட்ட கையோடு இருபத்தைந்து மீட்டர்

ரொவேனா காபஹுக்குக்கு முப்பத்தொன்பது வயது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். அவள் வகுப்புப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே சிரித்து முடித்துவிட்டார்கள். அப்புறம் கணக்குப் பரீட்சை வந்தது. அவள் பக்கத்து நாற்காலிக்கு அடிபிடி நடந்தது.

புருஷன் கப்பலில் சமையல்காரன். வீட்டில் அவளும் மூன்று பிள்ளைகளும், புருஷனின் அக்கா செடிங்கும். ரொவேனாவுக்கும் செடிங்குக்கும் இஸ்திரி போடுவதுதான் தொழில். எங்கள் கடலோர ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பட்டமளிப்பு வந்தால் நூற்றெண்பது அங்கிகளும் அவர்கள் மேஜைக்குத்தான் வரும். பதினெட்டு வருஷமாக ஊரார் பிள்ளைகளின் அங்கியை மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்த ரொவேனாவுக்கு, தானும் ஒன்றைப் போட்டுக்கொண்டு மேடையேற வேண்டும் என்று ஆசை. தேய்க்கும்போது ஒன்றை மாட்டிப் பார்த்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அவள் மாட்டவில்லை. பரீட்சை எழுதித்தான் போடுவேன் என்று புத்தகப் பையைத் தூக்கிவிட்டாள்.

மற்ற எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள். மிச்சம் உடற்கல்வியும் சுகாதாரமும். இது ஒரு பாடமா என்று கேட்பவர்கள் அந்தப் பிள்ளைகளோடு ஒரு வாரம் ஓடிப்பார்க்கட்டும். தண்டால் எடுத்தாள். நடனப் போட்டியில் மனிதக் கோபுரத்துக்கு அடித்தட்டில் நின்று, இரண்டு பையன்களைத் தோளில் தாங்கினாள். கடைசியில் வந்தது நீச்சல். கடலில், கல் துறையை ஒட்டி இருபத்தைந்து மீட்டர், நிற்காமல். ஞாயிறு தோறும் பழகி, நாய் நீச்சலை ஒருவழியாக மனித நீச்சலாக்கி வைத்திருந்தாள்.

தேர்வு புதன்கிழமை. புதன்கிழமை புயல் வந்து பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள். வெள்ளி மதியம் மூன்று மணிக்கு மாற்றியாயிற்று, அன்று சாயங்காலமே மதிப்பெண்களை அனுப்ப வேண்டும், வராதவர்களுக்கு அடுத்த வருஷம்தான் என்று உடற்கல்வி ஆசிரியை ஜெஸா லூ வகுப்புக் குழுவில் செய்தி போட்டாள். ரொவேனா அதைப் பார்த்தபோது வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணி. விடியற்காலை நாலு மணியிலிருந்து செடிங்கோடு சேர்ந்து அங்கிகளைத் தேய்த்து, கை தணலாய்க் கொதித்துக்கொண்டிருந்தது.

இஸ்திரி போட்ட அன்று கையைத் தண்ணீரில் நனைத்தால் பாஸ்மா என்ற நோவு வரும். நரம்பு முடிச்சு போடும், கை நடுங்கும், வயதானால் கரண்டியைக் கூடப் பிடிக்க முடியாது. எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும் இது. இஸ்திரி நாளில் செடிங் பாத்திரம் கூடக் கழுவமாட்டாள். அவள் அம்மாவும் இஸ்திரிக்காரிதான். கடைசிக் காலத்தில் கை உதறி உதறி, மகள்தான் சோறு ஊட்டிவிட்டாள்.

"போகாத. சொல்லிட்டேன்" என்றாள் செடிங்.

"மனாங், இன்னிக்கு விட்டா அடுத்த வருஷம்" என்றாள் ரொவேனா. அக்காவை எங்கள் ஊரில் மனாங் என்போம்.

"அடுத்த வருஷம் நாப்பது வயசு. இப்ப மட்டும் பதினாறா? எங்கம்மா கை எப்படி உதறிச்சுன்னு நீ பாத்ததில்லடி. கஞ்சி நெஞ்சுல கொட்டும். உனக்கும் நான்தான் ஊட்டணுமா?"

ரொவேனா தன் கையைப் பார்த்தாள். அவளுக்கும் பயம்தான். சுகாதாரப் புத்தகத்தில் பாஸ்மா என்று ஒரு வரி கிடையாது. ஆனால் புத்தகம் எழுதினவன் இஸ்திரி போட்டவனா? சட்டென்று அவள் முகம் மலர்ந்தது.

"மனாங், பாஸ்மா வந்தா என்ன மருந்து?"

"வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில கைய ஊற வைக்கணும். இது தெரியாதா?"

"மூணு மணி வெயில்ல கடல் எப்படி இருக்கும்?"

செடிங் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அடி கள்ளி! நோவு வர்றதுக்கு முன்னாடியே மருந்துல குதிக்கப் போறியா?"

"குதிக்கத்தான் போறேன்."

செடிங் திட்டிக்கொண்டேதான் கூட வந்தாள். கையில் இரண்டு துண்டு, ஒரு போத்தல் இஞ்சித் தண்ணீர், தைல டப்பா. நீந்தப்போனது ஒருத்தி, பிரசவத்துக்குப் போகிற மாதிரி ஏற்பாடு.

துறையில் பிள்ளைகள் கூட்டம். "ஆன்ட்டி வந்தாச்சு! ஆன்ட்டி, ரெண்டு பேரைத் தோள்ல சுமந்த ஆளு நீங்க, இந்தக் கடல் எம்மாத்திரம்!"

ஜெஸா லூவுக்கு இருபத்தாறு வயது. ரொவேனாவின் சிவந்த கையைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது; அவள் அம்மாவும் இந்த ஊர்க்காரிதானே. "முடியுமா ஆன்ட்டி? கஷ்டமா இருந்தா சொல்லுங்க, கயிறு போடறேன்" என்றாள்.

"கயிறெல்லாம் வேணாம் மேம். ஊதுங்க."

ஜெஸா லூ விசில் ஊதினாள். ரொவேனா முதலில் கையைத்தான் நனைத்தாள். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. பத்து மீட்டர் நன்றாகவே போனாள். பதினைந்தில் ஒரு அலை வந்து முகத்தில் அடித்தது. வாய் நிறைய உப்புத் தண்ணீர். தலை ஒரு நொடி மறைந்தது.

துறையின் மேலிருந்து தொப்பென்று ஒரு சத்தம். பார்த்தால், உடுத்திய பாவாடையோடு செடிங் கடலில் நிற்கிறாள். கழுத்தளவு தண்ணீர், தலையிலும் தோளிலும் இன்னமும் துண்டு. "ரொவேனா! ரொவேனா!" என்று கத்திக்கொண்டு இரண்டு கையாலும் தண்ணீரை வாரி வாரித் தள்ளினாள். நாலு மணியிலிருந்து தேய்த்த கைகள் அவை. நாற்பது வருஷத்தில் ஒரு இஸ்திரி நாளிலும் நனையாத கைகள்.

ரொவேனாவின் தலை மேலே வந்தது. ஒரு முறை இருமினாள். நாத்தனார் நிற்கும் கோலத்தைப் பார்த்தாள். நின்றால் போயிற்று என்று தெரியும். அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் முட்ட, கையை வீசி வீசிப் போனாள். இருபது. இருபத்திரண்டு. கல்லைத் தொட்டாள்.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் மீன் சந்தையே திரும்பிப் பார்த்தது.

"இன்னும் முடியல" என்றாள் ஜெஸா லூ, தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கூட இருக்கறவங்க ஒரு நிமிஷம் நாடி பாத்துச் சொல்லணும். அப்பதான் தேர்ச்சி."

ரொவேனாவின் கை கிடுகிடுவென்று ஆடியது. செடிங் தண்ணீரிலேயே நடந்து வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பாரு, நடுங்குது. நான் சொன்னேன்ல?"

"உங்க கையும்தான் நடுங்குது மனாங்."

செடிங் தன் கையைப் பார்த்தாள். சொட்டச் சொட்ட ஈரம். துண்டு இரண்டும் எப்போதோ மிதந்து போய்விட்டன. அவள் கையை எடுக்கவில்லை. உதட்டை அசைத்து அசைத்து எண்ணினாள். நூற்று முப்பது வரைக்கும் எண்ணி ஆசிரியையிடம் சொன்னாள். ஆசிரியை தாளில் எழுதி, பக்கத்தில் 'தேர்ச்சி' என்று போட்டாள்.

"மேலே வாங்க மனாங், தைலம் தேய்ச்சு விடறேன்" என்றாள் ரொவேனா.

"இரு. நனைஞ்சது நனைஞ்சாச்சு" என்றாள் செடிங். "நீந்தறப்ப காலை எப்படி உதைக்கணும், அதை எனக்குக் காட்டு."