சுண்டு விரல் தெரியாத போட்டோ

போன செவ்வாய்க்கிழமை வெள்ளையன் வந்திருந்தார். கொல்லிமலை குண்டனி நாட்டு விவசாயி. அவர் ஊர் அம்மன் கோயிலுக்குப் பூசாரியும் அவர்தான். கையில் ஒரு பை மிளகு. முகத்தில் தூக்கமே இல்லை.

கோயிலின் பழைய கற்சிலை திருடு போனது எனக்கு முன்பே தெரியும். இப்போது போலீஸில் ஒரு சிலை பிடிபட்டிருக்கிறதாம். பார்த்ததுமே ‘எங்கள் அம்மன்தான்’ என்று ஊர்க்காரர்கள் அழுதிருக்கிறார்கள். போலீஸ் ஆபீஸில் கண்ணீரை ஆதாரமாக எடுத்துக்கொள்வார்களா? பழைய போட்டோ கேட்டிருக்கிறார்கள். சிலையின் இடது கைச் சுண்டு விரல் மூளி. அது போட்டோவில் தெரிந்தால் போதும், அம்மன் ஊர் திரும்பிவிடும்.

போட்டோ இருக்கிறதா? இருக்கிறது. ஒன்றே ஒன்று... நான் எடுத்தது.

அங்கே சாமியைப் படம் பிடிக்க யாரையும் விடமாட்டார்கள். சில வருடங்களுக்கு முன் நான் போய்க் கெஞ்சியபோது, வெள்ளையன் சிலையின் மேல் பூ வைத்து உத்தரவு கேட்டார். வலது பக்கத்துப் பூ விழுந்தது. அனுமதி கிடைத்தது.

போட்டோகிராபி வகுப்புகளில் அந்தப் படத்தை வைத்துத்தான் நான் பாடம் நடத்துவேன். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், இடுப்பு மறு பக்கம், முழங்கால் மறுபடி இந்தப் பக்கம். வலது தோளில் விழும் வெளிச்சம் அந்த வளைவோடு இறங்கிப் பாதத்தில் முடியும். இடது பாதி முழுக்க இருட்டு. ‘கண் எங்கேயாவது இடறுகிறதா பாருங்கள்’ என்று பெருமையாகக் கேட்பேன்.

எப்படி இடறும்? இடறும் இடத்தைத்தான் நான் மறைத்துவிட்டேனே! உடைந்த விரல் ஃபிரேமைக் கெடுக்கிறது என்று, விளக்கை வலது பக்கமே பிடிக்கச் சொன்னேன். பிடித்தவர் வெள்ளையன்.

லேப்டாப்பில் வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். கறுப்பு சாம்பல் நிறமானதுதான் மிச்சம், விரல் வரவில்லை. விளக்குப் பிடிக்கச் சொல்லும் முன்பு விரல் தெரிந்த படங்களும் நாலைந்து எடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்த கையோடு அழித்துவிட்டேன் — கம்போசிஷன் சரியில்லையாம்.

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. திரையில் அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா உங்களுக்கு மட்டுந்தானுங்க உத்தரவு குடுத்துச்சு” என்றார். குத்திக்காட்டவில்லை, சும்மாதான் சொன்னார். எனக்குத்தான் குத்தியது.

பிறகு, “வெளக்கப் புடிச்சது நானுங்க. அந்தப் பக்கமும் ஒருக்கா காட்டோணும்னு எனக்குத் தோணலீங்களே” என்றார்.

பழியில் பாதியைத் தானே எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது அந்தப் படத்தில் ஒரு பிரிண்ட் கேட்டார். எதற்கு என்றேன். பீடம் காலியாகக் கிடக்கிறதாம்.

பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். பிடிபட்ட சிலை இன்னும் ஏதோ ஒரு அறையில் பூட்டிக் கிடக்கிறது. கொல்லிமலையில் என் போட்டோவுக்குத்தான் கற்பூரம் காட்டுகிறார்கள்...

ஒரு குறையும் இல்லாத அம்மன்!