முதல் பிரதி பெஹாலாவுக்குப் போனது

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் காபிப்பொடிக் கடையை ஒட்டி ஒரு தமிழ்ப் புத்தகக் கடை இருந்தது. கடை என்றால் நாலு பேர் சேர்ந்து நிற்க முடியாது. எழுபதுகளில் நான் காலேஜில் சேர்ந்த சமயம், மாதம் ஒருமுறை மெட்ராஸ் மெயிலில் அதற்குப் புது நாவல்கள் பார்சலாக வரும். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். எல்லோருக்கும் அண்ணாச்சி. ஒரு நாவலையும் படிக்க மாட்டார். கேட்டால், "அல்வாக் கடைக்காரன் அல்வா திங்கானா?" என்பார்.

அவருக்குப் பதிலாக நான் தின்றேன். பார்சல் பிரித்த சனிக்கிழமை, ஒரு பிரதிக்குப் பெங்காலிப் பேப்பரில் அட்டை போட்டு என்னிடம் இரவலாகத் தருவார். எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டில் சாப்பாட்டு மேஜை, பால்கனி, பாத்ரூம் என்று எல்லா இடத்திலும் வைத்துப் படித்துத் தள்ளிவிட்டு, திங்கட்கிழமை காலேஜிலிருந்து நேரே கடைக்குப் போய் நிற்பேன். நான் சொல்வதைத்தான் அந்த மாதம் முழுக்க அவர் வருகிறவர்களிடம் சொல்வார். "நம்ம காலேஜ் பாப்பா பிரமாதம்னு சொல்லிட்டா. தைரியமா எடுத்துட்டுப் போங்க."

இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. நான் பிறந்ததே கல்கத்தாவில். பள்ளிக்கூடத்தில் பெங்காலி. தமிழ் எழுத்தை அம்மாவின் வாரப் பத்திரிகைகளைப் பார்த்து நானே கூட்டிக் கூட்டிப் பிடித்தேன். ஊரிலிருந்து வரும் அத்தை பிள்ளைகள் என் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்கள் பார்த்தே இராத நாவலை அவர்களுக்கு முன்னால் படித்தவள் நான் என்ற கர்வம் ஒன்றுதான் கையிருப்பு.

அந்தக் கையிருப்பில் பெஹாலாக்காரி கைவைத்தாள்.

மதுரையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்திருப்பாள். ஊர்க் கோடியில் இருக்கும் பெஹாலாவிலிருந்து பஸ் மாறி வருவாள், ஈரத் தலையைத் தளர முடிந்துகொண்டு. கடையில் ஒரு ஓரமாக நின்று, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே பக்கம் புரட்டுவாள். கேட்டால் மட்டும் பதில். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் போனபோது அட்டை போட்ட பிரதி இல்லை. பெஹாலாப் பொண்ணு கேட்டது, கொடுத்துவிட்டேன் என்றார் அண்ணாச்சி, முறுக்கை யாருக்கோ எடுத்துக் கொடுத்த மாதிரி. அதுவும் தடித்த நாவல். திங்கட்கிழமை நான் வேண்டுமென்றே முன்னாடியே போய், தீபாவளி மலர்களைப் பார்ப்பதுபோல் நின்றேன். அவள் வந்தாள். நல்லா இருக்கு என்றுகூடச் சொல்லவில்லை.

"இதைக் காபிப்பொடிக் கடை ஐயாகிட்ட மட்டும் குடுத்துராதீங்க அண்ணாச்சி. கதையில ஒரு பையன் சொல்லாமக் கொள்ளாம வீட்டை விட்டுப் போறான், கடைசி வரைக்கும் வரமாட்டான். மிலிட்டரி சாருக்குக் குடுங்க. திட்டிக்கிட்டே முடிச்சிருவாரு."

காபிப்பொடிக் கடைக்காரரின் மகன் அந்த வருஷம்தான் காணாமல் போயிருந்தான். நக்சலைட் கலவரம் நடந்த அந்தக் காலத்தில் இந்த ஊரில் பல வீடுகளில் அப்படி ஒரு பையன். அவர் தினமும் எங்கள் முன்னால்தான் காபிக்கொட்டை அரைத்தார். எனக்கும் தெரியும். ஆனால் நாவலையும் அவரையும் சேர்த்து நினைக்க எனக்குத் தோன்றியதே இல்லை.

மிலிட்டரியில் ரிட்டயராகி, கடைக்கு வாடிக்கையாக வரும் அந்த மிலிட்டரி சார் திட்டிக்கொண்டே முடித்தார். அதற்கப்புறம் மாதாமாதம் முதல் பிரதி பெஹாலாவுக்கே போயிற்று. அவள் பஸ் பிரேக் டவுன் ஆக வேண்டும், அவள் புருஷனுக்கு டிரான்ஸ்ஃபர் வர வேண்டும் என்று காளிகாட் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டேன். ஒருநாள் நானும் அவள் பாணியில், இந்தக் கதை கடைக்கு வாடிக்கையாக வரும் பாங்க் மாமிக்கு ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். ஏன் என்றார் அண்ணாச்சி. நான் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

"அவளை மாதிரி சொல்லிப் பாக்கியோ? நீ எல்லாத்தையும் பிரமாதம்னுட்டா, நான் எதை யாருக்குக் குடுக்க?" என்று சிரித்தார்.

ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. அடுத்த பார்சல் வந்தது தெரிந்ததும் கால் தானாகப் போயிற்று. அட்டை போட்ட பிரதி ஒன்றை அண்ணாச்சி என் பக்கம் நீட்டினார். "இது உனக்காம். அவதான் சொன்னா. தான் சொன்னதா உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னும் சொன்னா."

தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. வாங்கிக்கொண்டேன்.

வடக்கே ஏதோ ஓர் ஊரில் வளரும் பெண்ணின் கதை. காய்கறிக்காரனிடம் ஒரு பாஷையில் பேரம் பேசுகிறாள், வீட்டில் இன்னொரு பாஷையில் திட்டு வாங்குகிறாள், தலையணையில் முகம் புதைத்து அழும்போது எந்தப் பாஷையில் அழுகிறோம் என்று தெரியாமல் அழுகையை நிறுத்தி யோசிக்கிறாள். அந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நான் இதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. அவளிடம் நான் முழுசாக ஒரு வாக்கியம்கூடப் பேசியதில்லை.

திங்கட்கிழமை கடையில், "சுமார்தான்" என்றேன்.

"சுமாரா? அப்ப குடு. பெஹாலாவுக்கே அனுப்பிருதேன். பாவம், அவ பாதிதான் படிச்சிருக்கா. பாதியிலேயே இது பாப்பாவுக்குன்னு மூடி வச்சிட்டா."

பாதியிலேயே தெரிந்துவிட்டதா அவளுக்கு? அண்ணாச்சி கையை நீட்டியபடி நின்றார். என் கை வரவில்லை.

"இதை நானே வாங்கிக்கறேன். அவங்களுக்கு வேற பிரதி குடுங்க," என்றேன். இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தேன். "ஆனா முதல்ல முடிச்சது நான்தான். அதை அவங்ககிட்டச் சொல்லிருங்க."