சுளகில் கிடந்த சபை அரிசி

என் மாமியார் தாசம்மாளுக்கு வாய் இல்லை என்று நினைத்தவர்கள் அவரோடு மீன் வாங்கப் போனதில்லை. கரமனைப் பாலத்தடியில் ஒரு கூறு சாளைக்காக அவர் போடும் சண்டையில் ஆற்றில் குளிப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு காரியத்தில் வாயைக் கட்டிக்கொண்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அது யுத்த காலம். பர்மா அரிசி வரத்து நின்றுபோய், திருவனந்தபுரத்தில் பாதி அடுப்புகளில் மரச்சீனிக் கிழங்குதான் வெந்தது. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சேர்ந்து எங்கோ வடக்கே இருந்தார். வீட்டில் நானும் மாமியும்தான்.

எங்கள் தமிழ்ச் சபையில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியாக எடுத்து வைக்கவேண்டும். சனிக்கிழமை தோறும் மாமி வீடு வீடாகப் போய் அதைச் சேர்த்துக் கொண்டுவந்து, கோயில் பின்னறையில் இருந்த மரப்பெட்டியில் கொட்டிப் பூட்டுவார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஏழைகளுக்கு அதில்தான் கஞ்சி. ஒரு வீட்டில் சிவப்புப் புழுங்கல், ஒரு வீட்டில் நாஞ்சில்நாட்டு வெள்ளை, இன்னொரு வீட்டில் பச்சரிசி, இல்லாத வீட்டில் குறுணை. எல்லாம் ஒன்றாகக் கலந்தால் ஒழுங்காக வேகுமா? பாதி குழையும், பாதி பல்லில் கடிபடும். ஒத்துப்போகாத புருஷன் பெண்சாதியைப் பார்த்தால் "சபைக் கஞ்சி" என்று சிரிப்போம். அப்படிக் கலந்த அரிசியை எந்தக் கடையிலும் பார்க்க முடியாது.

பெட்டிச் சாவியும் அறைச் சாவியும் ஒரே கொத்தில் எங்கள் வீட்டுச் சுவர் ஆணியில் தொங்கும். கோயிலைக் கூட்டிப் பெருக்க அடுத்த வீட்டு ராகேல் அதை வாங்கிப் போவாள். ராகேலும் மாமியும் கூடப்பிறக்காத குறைதான். ராகேலின் இரண்டு பிள்ளைகளும் மாமியின் கையில்தான் பிறந்தார்கள். அவள் புருஷன் செத்தபோது, அடுப்பு மூட்டத் தெம்பில்லாமல் கிடந்தவளுக்கு இந்த வீட்டிலிருந்துதான் சோறு போயிற்று. நானும் அவளைச் சித்தி என்று வாய் நிறையக் கூப்பிட்டவள்தான். இப்போது எனக்கு அவள் வெறும் ராகேல்.

பெட்டியில் அரிசி குறைவதை முதலில் கண்டவர் மாமி. கண்டதும் நேரே மூப்பர் சற்குணத்திடம் போய்ச் சொன்னவரும் அவரேதான். ஞாயிற்றுக்கிழமை சபைக் கூட்டத்தில் விசாரிக்கலாம் என்றார் மூப்பர்.

அதற்கு முந்தின நாள் மாமியும் நானும் கறிவேப்பிலை கேட்டு ராகேல் வீட்டுப் பின்வாசலுக்குப் போனோம். அவள் முற்றத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகில் சிவப்பு, வெள்ளை, பச்சரிசி, குறுணை எல்லாம் சேர்ந்து கிடந்தன. அவள் சட்டென்று முந்தானையை இழுத்து மூடினாள். மூடி என்ன? அந்த அரிசியை வருஷக்கணக்காகக் கையால் அள்ளியவருக்குத் தெரியாதா? மாமி கறிவேப்பிலை கேட்காமலே திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் குதித்தேன். "மாமி, இப்பமே மூப்பருக்கிட்டச் சொல்லணும். சுளகோட பிடிச்சிரலாம்."

"வேண்டாம் மக்ளே. நாளைக்கு அவளே சொல்லுவா. ராகேல எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்க பசி பொறுக்காம செஞ்சிருப்பா. எங்கிட்டக் கேட்டிருக்கலாம், அதுதான் எனக்கு வெசனம்."

மறுநாள் கூட்டத்தில் மூப்பர் சற்குணம் எல்லார் முன்னாலும் ராகேலிடம் கேட்டார், சாவி யார் யார் கையில் இருக்கும் என்று. மாமி அவளைப் பார்த்தபடி நின்றார். இதோ சொல்லிவிடுவாள், பக்கத்தில் போய்த் தோளைத் தொடவேண்டும் என்பதுபோல ஒரு அடி முன்னால்கூட எடுத்து வைத்தார்.

ராகேல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் கோயில மட்டும்தான் தூப்பேன் ஐயா. பின்னறைப் பக்கம் போனதே இல்ல. பெட்டி எல்லாம் தாசம்மாக்காளுக்க பொறுப்பு."

மாமியின் முகம் செத்துப்போயிற்று. நான் வாயைத் திறந்தேன். மாமி என் கையைப் பிடித்து நெரித்தார். வளையல் உடைந்து குத்தியது. "நீங்க என்ன சொல்லுதிய?" என்று மூப்பர் கேட்டபோது, "நான் எடுக்கல ஐயா. கர்த்தருக்குத் தெரியும்" என்றதோடு சரி.

கர்த்தருக்குத் தெரிந்தது சபைக் கமிட்டிக்குத் தெரியவில்லை. களவை மறைக்கத்தான் தானே முந்திக்கொண்டு புகார் சொன்னாள் என்றார் ஒரு கெட்டிக்காரர். சாவியைப் பறித்தார்கள். குற்றத்தை ஒத்துக்கொள்ளும்வரை தாசம்மாளுக்குத் திருவிருந்து அப்பமும் ரசமும் கிடையாது என்று தீர்மானமாயிற்று. அது போதாதென்று பிடியரிசி சேர்க்கும் வேலையை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? ராகேலிடம்! ஆட்டுக்குட்டிக்கு ஓநாயைக் காவல் வைத்த கதைதான்.

அன்று மாமி சாப்பிடவில்லை. "அரிசி போனது போட்டும் மக்ளே," என்று அழுதார். "எனக்க மொகத்தப் பாக்காம சொன்னாளே. பாத்துச் சொல்லியிருந்தா, நாக்கு வந்திருக்காது அவளுக்கு."

"அப்பம் நீங்க சொல்லுங்க! சுளகுல கண்டத நானும் சாட்சி சொல்லுதேன்."

"சொன்னா அவள ஊரே காறித் துப்பும். ரெண்டு பிள்ளையளயும் வச்சுக்கிட்டு எங்க போவா? நியாயம் தீர்க்கியது கர்த்தருக்க வேலை. நான் அதப் பிடுங்கிச் செய்யமாட்டேன். நீயும் வாயத் தொறக்கப்பிடாது, கேட்டியா?" வேதப்புத்தகத்தின்மேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். கர்த்தருக்கு வேலை அதிகம், நம் வழக்கு எப்போது வருமோ என்று நான் முணுமுணுத்தேன். மாமி காது கேட்காததுபோல் இருந்தார்.

அதற்குப் பிறகு திருவிருந்து ஞாயிறு வந்தால் எல்லாரும் எழுந்து முன்னால் போய்த் திருவிருந்து மேசையருகே முழங்கால்படியிடுவார்கள். ராகேலும் போவாள். மாமி மட்டும் கடைசி பெஞ்சில் தலைக்கு முக்காடிட்டு உட்கார்ந்திருப்பார். ஞானஸ்நானம் எடுத்த நாள் முதல் அந்த மேசையைத் தவறவிடாதவர் அவர். மூப்பர் ஒருநாள் இரக்கப்பட்டு வந்து, தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். "மேசைக்கு வாறதுக்காவ பொய் சொல்லச் சொல்லுதியளா?" என்று மாமி கேட்டார்.

மறுவருஷம் மழைக்காலத்தில் மாமி நெஞ்சுச்சளியில் விழுந்தார். பிழைக்கமாட்டார் என்று தெரிந்ததும் போதகருக்கு ஆள் அனுப்பினேன். அவர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பமும் பாத்திரமும் கொண்ட கூடையோடு வந்தார். கூடையைச் சுமந்து வந்தவள் ராகேல். தோளில் பிடியரிசிப் பை வேறு.

"தாசம்மா, ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்குத் திருவிருந்து தரத்தான் வந்திருக்கேன்," என்றார் போதகர்.

மாமி ராகேலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இப்போதாவது சொல்வாள் என்று மாமி இன்னும் நம்பியதை நான் கண்ணால் கண்டேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ராகேல் சொல்லவில்லை. "நான் எடுக்கல ஐயா," என்றார் மாமி. போதகர் ஜெபித்துவிட்டுக் கூடையைத் திறக்காமலே எழுந்தார்.

வாசற்படியில் ராகேல் என்னிடம் குனிந்த தலையோடு, "பிடியரிசி இருக்கா?" என்றாள். சனிக்கிழமை அல்லவா! நான் கதவைச் சாத்தப் போனேன். உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது.

"குடுத்து விடு மக்ளே. நாளைக்குக் கஞ்சிக்கு ஆளு வருமே."

கொடுத்தேன். மாமி வியாழக்கிழமை போய்விட்டார், அந்த அப்பத்தைத் தொடாமலே.

அடுத்த திருவிருந்து ஞாயிறு எல்லாரும் எழுந்து போனார்கள். ராகேல் போகவில்லை. மாமி உட்கார்ந்த கடைசி பெஞ்சில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் ஒரு தடவைகூட அவள் மேசைக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றாள். அந்த முழங்கால் சனிக்கிழமை தோறும் சபை முழுக்கப் படி ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

மாமியாக இருந்தால் அது போதும் என்றிருப்பார். எனக்குப் போதவில்லை.